முப்பத்தொன்பது டொலர்க் காதல்

காதலுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று வீரம் பேசும் நாயகர்களைத் திரையில் நிரம்பக் கண்டிருக்கிறோம். காதலியின் தந்தையிடம் செலவுக் கணக்கை நீட்டி, 39 டொலர் 60 சதம் கேட்ட நாயகனைக் கண்டதுண்டா? 1934ஆம் ஆண்டில் பிராங்க் காப்ரா நெறிப்படுத்திய 'இற் ஹப்பின்ட் வன் நைற்' என்னும் ஹொலிவூட் படத்திலே அவனைக் காணலாம். படங்கள் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது.

செல்வந்தர் ஒருவரின் ஒரே மகள் எல்லி. தந்தைக்குப் பிடிக்காத ஒருவனை இரகசியமாக மணந்துகொண்ட அவள், தந்தையின் உல்லாசப் படகிலிருந்து கடலிற் குதித்துத் தப்புகிறாள். மயாமியிலிருந்து நியூயோர்க் செல்லும் பஸ் வண்டியில், வேலையிழந்த நிருபன் பீற்றர் அவளுக்குத் துணையாகிறான். குளோடெற் கோல்பேர்ட்டும் கிளார்க் கேபிளும் கீரியும் பாம்பும்போற் சண்டையிடும் அழகே அழகு!

மழையால் வழி தடைப்பட, இருவரும் ஒரே அறையில் இராத் தங்க நேர்கிறது. பீற்றர் நடுவே கயிறு கட்டிக் கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டு, 'எரிகோ மதில்' என்று பெயர் சூட்டுகிறான். எக்காள ஒலியால் இடிந்து வீழ்ந்ததாக வேதாகமம் கூறும் அதே மதில்!

மறுபுறம், மகளைக் கண்டுபிடித்துத் தருவோருக்கு 10,000 டொலர் தருவதாகத் தந்தை அறிவிக்கிறார். 1929இன் பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவில் பல இலட்சம் பேர் வேலையின்றித் தவித்த நாட்கள் அவை. ஆயினும் பீற்றர் அப்பணத்தைத் தீண்டவில்லை. வழியிற் செலவான 39 டொலர் 60 சதத்தை மாத்திரமே கேட்கிறான். தவறான எண்ணத்தால் அவனைப் பிரிந்த எல்லி, பழைய கணவனுடன் ஊரறிய மணமேடை ஏறவிருக்கிறாள். அங்கு நடந்து செல்கையில், தந்தையே இந்த உண்மையை அவள் காதில் ஓதுகிறார். ஏழையின் தன்மானமே காதலின் உரைகல்லாகிறது. படத்தின் உயிரும் இதுவே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. படப்பிடிப்பு முடிந்ததும், இதனினும் மோசமான படம் உலகில் இல்லையென்று கோல்பேர்ட் சலித்துக்கொண்டாராம். 1935 பெப்ரவரி 27ஆம் திகதி நடந்த ஒஸ்கார் விழாவிலோ, சிறந்த படம், நெறியாள்கை, நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய 5 பரிசுகளையும் அப்படமே வென்றது. புகையிரதம் ஏறவிருந்த கோல்பேர்ட்டை அழைத்துவந்து, பயண உடையுடனேயே பரிசு வழங்கினார்கள்!

எரிகோ மதில் ஈற்றில் என்னவாயிற்று? அதனை நேயர்கள் குடும்பத்தோடு படத்திற் கண்டு மகிழ்வார்களாக.