மகிழுந்தும் உழைப்புந்தும்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் முதியோர் காரினைப் 'பிளசர்' என்றே வழங்கினர். இன்பப் பயணத்திற்குரியது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. நாம் வகுப்பறையில் கற்பிக்கும் 'மகிழுந்து' என்னும் ஆக்கச்சொல்லும் அப்பொருளையே தாங்கி நிற்கிறது. எனின், எல்லாக் கார்களும் மகிழ்வதற்கென்றே தோன்றியனவா? அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற இரு கார்களை ஒப்புநோக்கின் விடை புலப்படும்.

முன்னது ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி'. 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாயின. அதன் ஆற்றல் 20 குதிரைத்திறன் மட்டுமே. ஆயினும் உயரமான சக்கரங்களைக் கொண்டு, சேறும் பள்ளமும் மிக்க வண்டித்தடங்களில் அது தடையின்றிச் சென்றது. 1913இல் நகரும் பொருத்துவரிசை முறை புகுந்தபின் விலை சரியவே, உழவரும் அதனை வாங்கலாயினர். அதன் பெட்ரோல் தொட்டி இருக்கையின் கீழ் இருந்தது. பம்பு இல்லாமையால் எரிபொருள் தானே வழிந்து எஞ்சினை அடைதல் வேண்டும். தொட்டியில் எரிபொருள் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேற்றினர்! ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளில் இக்காட்சியை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

பின்னது 1958இல் தோன்றிய செவர்லே 'இம்பாலா'. அடுத்த ஆண்டு வடிவத்தில் ஐந்து மீட்டருக்கும் மிகுந்த நீளம். பின்புறத்தே சிறகென விரிந்த தகடுகள். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆயின் மாடல் டி கிடைத்த தடத்தில் ஓடியது. இம்பாலாவோ தனக்கேற்ற சாலையை வேண்டியது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமெரிக்கர் அமைக்கத் தொடங்கிய பெருஞ்சாலைகள் அதற்கு வாய்த்தன. நம் நாட்டில் அது செல்வர் சிலரின் இறக்குமதிப் பொருளாகவே இருந்தது. மகிழுந்து என்னும் பெயர் இதற்கே முற்றும் பொருந்தும்.

மாடல் டியை 'உழைப்புந்து' எனலாம். உழவர்கள் அதன் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திப் பட்டை மாட்டி, மரம் அறுத்தனர், நீர் இறைத்தனர். 1917 முதல் அதன் வழிவந்த சரக்கு வண்டியின் சேசிஸை ஃபோர்டு தனியே விற்றது. வாங்கியோர் தத்தம் தொழிலுக்கேற்ற உடற்பகுதியை உள்ளூரிலேயே கட்டிக்கொண்டனர். நாமக்கல்லில் நாம் காணும் லாரி பாடி கட்டும் தொழிலும் இம்முறையினதே அன்றோ? ஆலையிலிருந்து சேசிஸ் வருகிறது. மரமும் இரும்பும் கொண்டு அதனைச் சுமை வண்டியாக்குவது பட்டறை. தந்தையார் பட்டறைத் தொழிலாளி என்பதைச் சொல்ல நம் மாணவர் சிலர் தயங்கக் காண்கிறோம். தயக்கத்திற்கு யாதொரு காரணமும் நமக்குத் தோன்றவில்லை. ஒரு நாட்டு உழவர் தம் காரை நீரிறைக்கும் பொறியாக்கினர். மழை பொய்க்கும் நம் சமவெளியினர் லாரியின்மீது துளையிடும் எந்திரத்தை ஏற்றினர்.

இம்பாலாவின் உற்பத்தி 2020இல் நின்றுபோயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோ வடமாநிலங்கள் வரை சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருக்கின்றன.