கண் இருண்டு மீண்டும் தெளிந்தால்



"திடீரென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது" என்று பக்கவாத நோயாளிகளின் வீட்டார் சொல்வதை வார்டில் அடிக்கடி கேட்கிறோம். படுக்கையருகே சற்று உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், அது அவ்வளவு திடீரென்று வரவில்லை என்பது பல வேளைகளில் தெரியவருகிறது. சில நாட்களுக்கு முன் கையிலிருந்த டம்ளர் நழுவியிருக்கும். அல்லது கால்மணி நேரம் நாக்குக் குழறியிருக்கும். பிறகு சரியாகிவிட்டதால், பித்தம் என்றோ அசதி என்றோ எண்ணி விட்டிருப்பார்கள்.

இப்படி வந்து மறையும் அடையாளங்களுக்குச் செவிகொடுக்க மருத்துவ உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் சார்லஸ் மில்லர் பிஷர். 1913-இல் கனடாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படை மருத்துவராகச் சென்றார். 1941-இல் அவருடைய கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஜெர்மானியரிடம் கைதியாயிருந்தார். நரம்பியலில் அவர் ஊன்றிப் பயின்றது அதற்குப் பின்புதான்.

மான்ட்ரியல் நகரில் பக்கவாத நோயாளி ஒருவர் அவரிடம் ஒரு விநோதமான செய்தியைச் சொன்னார். கை கால் விழுவதற்கு முன் சில தடவை தமக்கு ஒரு கண் மட்டும் இருண்டு தெளிந்ததாம். அதுவும் முடங்கிய பக்கத்துக் கண் அல்ல, எதிர்ப்பக்கத்துக் கண்! நோயாளி குழம்பிப் பேசுகிறார் என்று தள்ளிவிடுவது எளிது. பிஷர் தள்ளவில்லை. மற்ற நோயாளிகளையும் விசாரித்தார். அதே கதையைச் சொன்னவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள்.

காரணத்தைச் சற்று விளக்குவோம். கழுத்தின் இரு பக்கங்களிலும், தொட்டால் துடிப்புத் தெரியும் கரோட்டிட் என்ற பெரிய இரத்தக்குழாய் உண்டு. வலப்பக்கக் குழாயின் உட்கிளை மூளையின் வலப்பாதிக்கும் வலக்கண்ணுக்கும் இரத்தம் கொண்டுபோகிறது. மூளையின் வலப்பாதியோ உடலின் இடப்பக்கத்தை ஆளுகிறது. ஆகவே அந்த ஒரே குழாயில் கொழுப்புப் படிந்து அடைபட்டால், இருளுவது வலக்கண். முடங்குவது இடக்கை, இடக்கால். நோயாளி சொன்னது முற்றிலும் சரியே.

அந்நாட்களில் பிரேதப் பரிசோதனையின்போது மூளையை எடுத்துப் பார்ப்பார்கள். கழுத்தைத் திறந்து பார்ப்பது அரிது. கழுத்துக் குழாய்களையும் பாருங்கள் என்று 1914-லேயே அமெரிக்க மருத்துவர் ராம்சே ஹன்ட் எழுதியிருந்தும், அதைப் பொருட்படுத்தினவர்கள் சிலரே. பிஷர் கழுத்தைப் பார்த்தார். அடைப்பு அங்கே இருந்தது. 1951-இல் வெளியான அவருடைய கட்டுரை இதை நிலைநாட்டியது. முன்னறிவிப்பு தோன்றும் அந்தக் காலத்திலேயே அறுவை மூலம் அடைப்பைக் கடக்க ஒரு நாள் வழி பிறக்கலாம் என்றும் அதில் எழுதினார்.

அந்த நாள் வர நெடுங்காலம் ஆகவில்லை. 1954-இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், இத்தகைய தாக்குதல்கள் பலமுறை வந்துபோன 66 வயதுப் பெண்மணிக்குக் கழுத்துக் குழாயின் குறுகிய பகுதியை நீக்கி, எஞ்சியதை இணைத்தார்கள். பின்பு வட அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 1991-இல் வெளிவந்தது. முன்னறிவிப்புக் கண்டு, குழாய் 70 சதவீதத்துக்கு மேல் குறுகியிருந்தவர்களில், மருந்து மாத்திரம் பெற்றவர்களில் 26 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். மருந்துகள் இன்று வெகுவாக மேம்பட்டிருப்பதால் எல்லாருக்கும் கத்தி தேவையில்லை.

பிஷரின் உழைப்பு கழுத்தோடு நிற்கவில்லை. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும்போது அங்கே இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கிறது என்பதையும் வலியுறுத்தினார். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் மாத்திரை இவர்களுக்கு வரும் பக்கவாதத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது என்பது 1990-களில் உறுதியாயிற்று. மூளையின் ஆழத்திலுள்ள மிகச் சிறிய குழாய்கள் அடைபடுவதற்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள உறவை 1965-இல் எழுதினார். அழுத்த மாத்திரையை "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிடுகிறவர்களிடம் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டோம்! ஆயினும் சொல்கிறோம்.

வந்து மறைந்ததற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். அடுத்த தாக்குதலுக்கான ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். ஆக்ஸ்போர்டில் 2007-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை தாமதமாகக் கிடைத்த காலத்தில் 90 நாட்களுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். உடனடியாகப் பார்த்து மருந்து தொடங்கியபோது அது இரண்டாகக் குறைந்தது. அந்த மருந்துகளும் பெரும்பாலும் அபூர்வமானவை அல்ல: ஆஸ்பிரின் போன்ற மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை.

ஆகவே கண் இருண்டு தெளிந்தாலோ, வாய் கோணி நேரானாலோ, கை மரத்து மீண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்கு வாருங்கள். எந்தக் கண், எந்தக் கை, எத்தனை நிமிடம் என்பதை வரும் வழியிலேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால் மருத்துவருக்கு மிகவும் உதவியாயிருக்கும்.