ஓடுகிறவருக்கும் கொழுப்பு வேண்டும்

"கொழுப்பெடுத்துத் திரிகிறான்" என்று பிறரை ஏசுவது நம் வழக்கமாதலால், தேகத்தில் தங்கும் ஒரு வஸ்துவின் பெயரே நம் பாஷையில் திமிருக்கும் பெயராகிவிட்டது. அந்த வசவின் நிழல் இன்னும் நீங்கவில்லை என்பதை, பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில், குண்டடத்தை ஒட்டிக் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும் வைகறையில், போலீஸ் தேர்வை எண்ணியோ மாரத்தான் ஆசையாலோ ஓடிப் பழகுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அறியலாம். புதுக்கோட்டை ஜி. லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்து ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றதையும், அதே ஊர் எல். சூர்யா முந்தைய ஆண்டு குவாஹாத்தியில் தெற்காசிய விளையாட்டில் அவ்விரு தூரங்களையும் தமதாக்கிக்கொண்டதையும் படத்தில் பார்த்தவர்கள், அவர்களுடைய மெலிவைக் கண்டார்களேயன்றிச் சாப்பாட்டுத் தட்டைக் காணவில்லை.

கணக்கு எளிது. ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் சுமந்தோடச் சுமார் ஒரு கலோரி செலவாகுமாதலால், 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 2500 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்துவைத்திருக்கும் மாவுச்சத்தோ சுமார் 2000 கலோரிதான் தரும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் பலருக்குக் கால் கல்லாகிவிடுவதன் ரகசியம் இதுவே. ஆறு கிலோ கொழுப்பே உடையவரிடத்திலும் நாற்பதாயிரம் கலோரிக்குக் குறையாத சேமிப்பு இருந்தபோதிலும், அது மெதுவாக எரிகிற விறகு; வேகமாக ஓடுகையில் தனித்து நின்று கைகொடுக்காது.

ஆயினும் கொழுப்பை வெறும் விறகுக் கட்டென்று எண்ணியிருந்த அபிப்பிராயம், 1994இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்ததோடு மாறிப்போயிற்று. கொழுப்பணுக்களில் பிறந்து ரத்தத்தில் மிதந்து, மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸைச் சேரும் இந்த லெப்டின், வீட்டுக் குதிரில் எவ்வளவு தானியம் இருக்கிறதென்று தெரிவிக்கும் ஓலையைப் போன்றது. ஓலையில் பற்றாக்குறை தெரிந்தால், பிட்யூட்டரி சுரப்பி விட்டுவிட்டு அனுப்பும் ஆணைகள் தளரும், சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கும், மாதவிலக்கு தவறும்.

இதற்கு இருபது ஆண்டு முன்பே, 1974இல், பெண் பூப்படைய 17 சதவிகிதமும், மாதவிலக்கு ஒழுங்காய் நிலைபெற 22 சதவிகிதமும் கொழுப்பு வேண்டுமென்று ஆராய்ச்சியாளர் ரோஸ் பிரிஷ் ஒரு வரையறை கூறினார். அழகான கொள்கைதான், ஆனால் உண்மை அவ்வளவு நேரானதன்று. ஒஹாயோவில் ஆன் லவுக்ஸ் நடத்திய ஆராய்ச்சிகள், எடைத்தராசைவிட அன்றாட வரவு செலவே முக்கியம் என்று காட்டின. உண்டதிலிருந்து ஓட்டத்துக்குச் செலவானதைக் கழித்தபின், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழ் மிஞ்சினால், ஐந்தே நாட்களில் பிட்யூட்டரியின் ஆணைகள் தடுமாறலாயின. உடம்பு இளைக்கும்வரை மூளை காத்திருக்கவில்லை.

உப்பாறு அணை பெரும்பாலும் வறண்டே கிடக்கும் இந்தச் சீமையில், பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் தண்ணீரை நான்கு மண்டலங்களாக வகுத்து முறைவைத்து விடுவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேகமும் முறைவைக்கிறது. இருதயமும் மூளையும் தம் பங்கை விட்டுக்கொடா; சந்ததிக்கான மண்டலத்தின் மடைதான் முதலில் அடைபடும்; எலும்பைப் பழுதுபார்க்கும் வேலை அடுத்து நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குன்றிய எலும்பில், அடிபடாமலேயே, ஓட்டத்தின் அதிர்ச்சியால் மட்டும் விரிசல் விழும். அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013இல் 17 வயதிலேயே உலகப் போட்டியின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். இன்னும் இளை, இன்னும் இளை என்று வற்புறுத்தப்பட்டதில் தமக்கு மூன்றாண்டு மாதவிலக்கு நின்று, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று அவரே 2019இல் உலகறியச் சொன்னார். ஆண்களும் இதற்கு விலக்கல்லர். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தாழும், காட்டிக்கொடுக்கும் மாதக் கணக்குத்தான் இல்லை. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இருபாலருக்குமாகச் சேர்த்தே இந்தச் சக்திக் குறைவை வரையறுத்தது.

அப்படியானால் எதை உண்பது? கென்யாவின் முதல்தர ஓட்டக்காரர் பத்துப்பேருடைய ஆகாரத்தை ஏழு நாள் அளந்து 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்கள் பெற்ற சக்தியில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மாவுச்சத்திலிருந்தே வந்தது. 'உகாலி' என்று அவர்கள் உண்பது வேறொன்றுமில்லை, மக்காச்சோளக் களி! குண்டடம் வட்டாரத்தில் அதே மக்காச்சோளம் விளைந்து கோழித் தீவனத்துக்கு மூட்டை ஏறுகிறது. ஓடுகிற பிள்ளையோ களியும் வேண்டாம், சோறும் வேண்டாமென்று வெறும் வயிற்றோடு தேநீர் குடித்துவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போகிறது. கம்பஞ்சோறும் தயிரும், நெய்விட்ட அரிசிம்பருப்புச் சாதமும், கொள்ளுப் பருப்பும், முட்டையும் இந்த மண்ணில் கிடைக்காத அபூர்வங்களா?

தினம் பத்துக் கிலோமீட்டர் ஓடும் 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, அவள் தேகத்தில் ஐந்திலொரு பங்கு கொழுப்பென்று கொண்டால், கொழுப்பு நீங்கிய எடையில் கிலோவுக்கு, 30 என்ற எல்லையில் நில்லாமல், 45 கலோரி மிஞ்சும்படி நாளொன்றுக்குச் சுமார் 2300 கலோரி வேண்டும். அப்படி ஓடுகிற மகளுக்கு மூன்று மாதம் தொடர்ந்து விலக்கு வராமற்போனால், "பயிற்சி நன்றாகப் பிடித்திருக்கிறது" என்று எவர் சொன்னாலும் கேளாதீர்கள். தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டு, மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.