வாசலிலேயே நின்றுவிடும் சலுகை

தொழில் பழகும் காலம் – 8

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டிப் போனால் ஒரகடம். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என அடுத்தடுத்துப் பெரிய ஆலைகள் இங்கே உற்பத்தியைத் தொடங்கின. உதிரிபாகம் செய்து தரும் பட்டறைகளும் சுற்றுவட்டாரத்தில் பெருகின. ஐ.டி.ஐ. முடித்தவர் இவற்றுக்குள் நுழைய வழக்கமான வழி அப்ரண்டிஸ் பயிற்சிதான். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். மாற்றுத்திறனாளி இளைஞருக்கு இந்த வழி மற்றவர்களைவிட முக்கியமானது. ‘இவரால் முடியுமா’ என்று தயங்கும் முதலாளி, ஓராண்டு அவர் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆனால் முதலாளிக்கு நம் சட்டங்கள் தரும் முக்கியமான சலுகைகள் அந்த ஓராண்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வருமான வரியிலிருந்து தொடங்கலாம். புதிதாக ஆள் எடுக்கும் நிறுவனம், அந்தக் கூடுதல் சம்பளச் செலவில் 30 விழுக்காட்டை மூன்று ஆண்டுகளுக்கு வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழித்துக்கொள்ள 80ஜேஜேஏஏ பிரிவு வழிசெய்தது. மாதச் சம்பளம் 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, பணியாளர் பி.எஃப். திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். தொழில் பழகுநர் சட்டப்படி எடுக்கப்படும் பழகுநரோ பி.எஃப். சட்டத்தின் கண்ணில் பணியாளரே அல்ல. ஆகவே அவர் இந்தக் கணக்கில் வர மாட்டார். 2007–08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்த திட்டமும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை என்ற இலக்கோடு 2008 ஏப்ரலில் தொடங்கிய அது, முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கை அரசே மூன்று ஆண்டுகள் ஏற்கும் என்றது. பழகுநருக்கு அந்த இரண்டுமே கிடையாது என்னும்போது ஏற்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, தனியார் நிறுவனங்களின் ஆள்பலத்தில் 5 விழுக்காடாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க ஊக்கத்தொகை தரச் சொல்கிறது. கூடவே ‘அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது.

பழகுநருக்கென்று இருப்பது 2016இல் வந்த தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். முதலாளி பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்கிறது. நல்ல உதவிதான், ஆனால் மாற்றுத்திறனாளியை எடுக்கும்போது முதலாளிக்கு வரும் செலவு உதவித்தொகை மட்டுமல்ல. காது கேளாதவர் பிரஸ் மெஷின் அருகே நிற்க வேண்டுமானால் எச்சரிக்கை மணியோடு சுழல்விளக்கும் வேண்டும். பார்வை மங்கியவர் தரம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்தால், கோடுகளை எண்ணிப் பார்க்கும் பழைய வெர்னியருக்குப் பதில் பெரிய எழுத்துத் திரை உள்ள டிஜிட்டல் கருவி வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேசையின் உயரமும் கழிப்பறைக் கதவின் அகலமும் மாற வேண்டும். முதல் நாளுக்கு முன்பே வரும் செலவுகள் இவை. வரிக் கழிவோ ஆண்டு முடிந்து, லாபம் வந்து, கணக்குத் தாக்கல் செய்த பிறகு கிடைப்பது. 15,000 ரூபாய்ச் சம்பளக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 54,000 ரூபாய் கழிவு கிடைத்தாலும், 25 விழுக்காடு வரி கட்டும் கம்பெனிக்கு மிஞ்சுவது 13,500 ரூபாய்தான். கணக்குத் தணிக்கை கட்டாயமில்லாத சிறு பட்டறைக்கு அந்த வரிக் கழிவே பொருந்தாது. தமிழக அரசு 2024–25 பட்ஜெட்டில் அறிவித்த 10 விழுக்காடு ஊதிய மானியம்கூட 500 பேருக்கு மேல் வேலை தரும் புதிய ஆலைகளை மனத்தில் வைத்தது.

சலுகையைப் பயிற்சிக் காலத்துக்கே கொண்டுவர வேண்டும் என்றால் மூன்று ஆட்சேபங்கள் வரும். முதலாவது, 2008 திட்டம் இலக்கின் அருகில்கூடப் போகவில்லையே, சலுகை கொடுத்து என்ன பயன் என்பது. அந்தத் திட்டம் தொட்டது முதலாளியின் தயக்கத்தை அல்ல, ஏற்கெனவே ஆள் எடுக்க முடிவு செய்தவரின் மாதாந்தரச் செலவில் ஒரு சிறு பகுதியை. தவறான இடத்தில் தந்த மருந்து வேலை செய்யவில்லை என்பதற்காக மருந்தே வேண்டாம் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, உரிமைப்படி கிடைக்க வேண்டிய வேலைக்கு முதலாளிக்கு ஏன் காசு என்பது. இது கனமான கேள்வி. ஆளின் ‘குறைந்த திறனுக்கு’ ஈடாகக் காசு தந்தால் அது அவமதிப்புதான்; பட்டறையின் குறையைச் சரிசெய்யத் தந்தால் அல்ல. மூன்றாவது, மானியம் தீர்ந்ததும் ஆளை அனுப்பிவிட்டு அடுத்தவரை எடுப்பார்கள் என்பது. நியாயமான பயம். ஆகவேதான் பணத்தை ஒரே தவணையில் தரக் கூடாது.

ஜெர்மனியில் 20 பேருக்குக் குறையாத நிறுவனம் 5 விழுக்காடு இடங்களைக் கடும் உடல்குறை உள்ளவர்களுக்குத் தர வேண்டும், தவறினால் கட்டணம். அந்தப் பணம் பணியிட மாற்றங்கள் உட்பட அவர்களின் வேலைவாய்ப்புக்கே திரும்புகிறது. மாற்றுத்திறனாளிப் பழகுநரின் உதவித்தொகையில் 60, கடுமையான குறைபாடு எனில் 80 விழுக்காடு வரை வேலைவாய்ப்புத் துறை ஏற்கவும் சட்டத்தில் இடமுண்டு. இதை அப்படியே இங்கே நட வேண்டியதில்லை. உதவித்தொகையில் அரசின் பங்கை மாற்றுத்திறனாளிகளுக்கு உயர்த்தலாம். பணியிட மாற்றத்துக்கான செலவை முன்பணமாகத் தரலாம். என்ன மாற்றம் தேவை என்று சான்றளிக்கக் கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையமும் முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்கியதும் ஒரு தவணை, அதே இடத்திலோ வேறு இடத்திலோ ஓராண்டு வேலையில் நீடித்ததும் இன்னொரு தவணை என்று மீதியைப் பிரித்துத் தரலாம். வரிக் கழிவு வேண்டாம் என்பதல்ல வாதம். அது ஆளை வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு உதவும், எடுக்கத் தயங்கும் முதலாளிக்கு உதவாது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். நாடு முழுக்க எடுத்தால் அவர்களில் வேலையில் இருந்தவர்கள் 36 விழுக்காடு. அந்த விகிதத்தை மாற்ற நினைக்கும் அரசு, முதல் ரூபாயைப் பயிற்சியின் முதல் மாதத்தில் செலவிட வேண்டும்.

(தொடரும்)