விட்டுக்கொடுக்கும் கம்பி

வீடு கட்ட வந்திறங்கும் கம்பியின் மேல் ‘எஃப்இ 500டி’ என்று பொறித்திருக்கும். அந்த 500, கம்பி அறுந்துபோகும் அளவு என்றே பலரும் நினைக்கிறார்கள். கம்பி விட்டுக்கொடுக்கத் தொடங்கும் அளவு அது. பொறியாளர்கள் இதை ‘யீல்டு’ என்பார்கள்.

இதை அளப்பது யூடிஎம் என்கிற சோதனை இயந்திரம். கம்பியின் இரு முனைகளையும் தாடைகளில் கவ்வி, மெல்ல இழுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் என்றால், 12 மி.மீ. கம்பி சுமார் 5,700 கிலோ எடையைத் தாங்க வேண்டும். அதுவரை ஒரு மீட்டர் கம்பி இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீளும்; இழுப்பதை விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். அந்த எல்லை தாண்டினால் நீண்டது நீண்டதுதான். ஆனாலும் உடனே அறாது. இன்னும் கூடுதல் பாரம் தாங்கியபடியே நீண்டு, ஓரிடத்தில் இடுப்புபோலச் சிறுத்து, பிறகே பெரும் சத்தத்துடன் அறும். அறுவதற்குள் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும் என்பதைத்தான் அந்த ‘டி’ குறிக்கிறது. வெறும் 500 கம்பிக்கு 12 சதவீதம் போதும்.

இந்த நீட்சி நிலநடுக்கத்தில் உயிர் காக்கிறது. குலுங்கும் கட்டடத்துக்குள் புகும் ஆற்றலை, கம்பி இப்படியும் அப்படியும் நீண்டு மடங்கி வெப்பமாகத் தீர்த்துவிடுகிறது. ஆனால் எந்தக் கம்பி முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்? உத்தரத்தில் உள்ளது. தூண் முந்திக்கொண்டால் மேல்தளங்கள் மொத்தமும் சரிந்துவிடும். உத்தரம் முதலில் விட்டுக்கொடுக்கும்படி வடிவமைக்கும் இந்த முறையை 1970களில் வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் ராபர்ட் பார்க், டாம் பாலே. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான நம் ஐஎஸ் 13920 விதியும் இதையே கேட்கிறது: ஒரு சந்திப்பில் சேரும் தூண்களின் வலு, உத்தரங்களின் வலுவைப்போல் 1.4 மடங்காவது இருக்க வேண்டும்.

இதே விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கம்பியின் உண்மையான வலு, குறித்த அளவைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடக் கூடாது. கூடுதல் வலு நல்லதுதானே என்று தோன்றும். உத்தரக் கம்பி பிடிவாதம் பிடித்தால், அது ஏற்க வேண்டிய சேதம் தூணின் தலையில் போய் விழும்.

ஆகவே கடையில் ‘டி’ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை, வழியில் இடிக்கிறது என்று மடக்கிவைத்துப் பின்னால் நிமிர்த்துவது பல இடங்களில் நடக்கிறது. மேஸ்திரியிடம் சொல்லித் தடுத்துவிடுங்கள். மடக்கி நிமிர்த்திய இடத்தில், நிலநடுக்கத்துக்கென வைத்திருந்த நீட்சியில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது.