தாங்குதிறன் பயிற்சிக்கான சிற்றுணவுகள்

தாங்குதிறன் பயிற்சிக்கான சிற்றுணவுகள் என்பவை நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டம், மாரத்தான், நெடுநடை போன்ற நீண்ட நேர உடலுழைப்பின்போது ஆற்றலை ஈடுசெய்வதற்காக உண்ணப்படும் உணவுகள் ஆகும். இதற்கெனவே தயாரிக்கப்படும் எனர்ஜி பார் எனும் ஆற்றல் கட்டிகளும், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் கேக், கடலை மிட்டாய், வாழைப்பழம், பேரீச்சம்பழம் போன்றவையும் இவற்றுள் அடங்கும். இவற்றின் பயன் பெயரையோ விலையையோ பொறுத்ததன்று. அவற்றிலுள்ள மாச்சத்து, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவையும் பயிற்சியின் கடுமையையும் பொறுத்தது.

உடற்றொழிலியல் பின்னணி

மாச்சத்து உடலில் கிளைக்கோசன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. நன்கு உண்ட ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரையும், கல்லீரலில் 100 கிராம் அளவிலும் இது இருக்கும். ஒரு கிராம் மாச்சத்து 4 கிலோகலோரி ஆற்றல் தருவதால், மொத்த இருப்பு சுமார் 2000 கிலோகலோரி ஆகும். கடுமையாக உழைக்கும்போது இந்த இருப்பு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடக்கூடும். அப்போது கால்கள் தளரும். தலைசுற்றல், நடுக்கம், கவனக்குறைவு ஆகியன ஏற்படும். போக்குவரத்து மிகுந்த சாலையில் செல்லும் மிதிவண்டி ஓட்டுநருக்கு இக்கவனக்குறைவு ஆபத்தாகவும் முடியலாம்.

உடலில் கொழுப்பின் இருப்பு மிக அதிகம். ஆயினும் கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகவே வெளிப்படுகிறது. எனவே மெதுவான நடையில் கொழுப்பும், விரைவான ஓட்டத்தில் மாச்சத்தும் முதன்மை எரிபொருளாக அமைகின்றன.

ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உட்கொள்ளுமாறு விளையாட்டு ஊட்டவியலாளர் பரிந்துரைக்கின்றனர். குடல் குளுக்கோசை மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் வரையே உறிஞ்சும். புரக்டோசு வேறு வழியில் உறிஞ்சப்படுவதால், இரண்டும் கலந்த உணவைக் கொண்டு இரண்டரை மணி நேரத்திற்கு மேற்பட்ட பயிற்சியில் மணிக்கு 90 கிராம் வரை பெறலாம். சாதாரணச் சர்க்கரையின் மூலக்கூறே குளுக்கோசும் புரக்டோசும் இணைந்ததுதான்.

வரலாறு

1953 இல் எவரெசுட்டு சிகரத்தை அடைந்த எட்மண்ட் இல்லரியும் டென்சிங் நோர்கேயும் கெண்டல் மின்ட் கேக் என்னும் இங்கிலாந்து இனிப்பை உடன் கொண்டு சென்றனர். பெயரில் கேக் என்று இருந்தாலும் இதில் மாவோ முட்டையோ இல்லை. இது புதினா மணமூட்டிய சர்க்கரைக் கட்டியே. கனடா நாட்டு மாரத்தான் ஓட்டக்காரரான பிரையன் மாக்சுவெல் 1986 இல் கலிபோர்னியாவில் பவர்பார் நிறுவனத்தைத் தொடங்கினார். மாச்சத்து மிகுந்தும் கொழுப்பு குறைந்தும் இருந்த இக்கட்டி ஓட்டக்காரரிடையே பரவியது. 2000 இல் நெசுலே நிறுவனம் இதை வாங்கியது.

தமிழ்நாட்டில் கடலை மிட்டாய் இதற்கு ஒப்பான பழைய உணவாகும். தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020 இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒப்பீடு

30 கிராம் மாச்சத்தைப் பெற உண்ண வேண்டிய தோராயமான அளவும், அதனுடன் உடலில் சேரும் கொழுப்பும் வருமாறு. தயாரிப்பு முறைக்கேற்ப இவை மாறுபடும்.

- மாச்சத்து மிகுந்த ஆற்றல் கட்டி: 45 கிராம், கொழுப்பு 2 முதல் 3 கிராம்
- சாதாரண கேக்: 55 கிராம், கொழுப்பு 9 கிராம்
- கடலையும் வெல்லமும் சம அளவில் சேர்ந்த கடலை மிட்டாய்: 55 கிராம்; கொழுப்பு 13 கிராம்
- தோல் நீக்கிய வாழைப்பழம்: 130 கிராம், கொழுப்பு மிகக் குறைவு
- கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம்: 40 கிராம், கொழுப்பு மிகக் குறைவு

மாச்சத்தைப் பொறுத்தவரை கேக்கிற்கும் ஆற்றல் கட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். வேறுபாடு கொழுப்பில் உள்ளது. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. ஓரிரு துண்டு கேக்கில் இது பொருட்டன்று. ஆனால் 10 மணி நேர ஓட்டத்தில் மணிக்கு 40 கிராம் மாச்சத்தைக் கேக்கிலிருந்தே பெற முயன்றால், 700 கிராமுக்கு மேல் கேக்கும் அதனுடன் 110 கிராமுக்கு மேல் கொழுப்பும் உண்ண நேரிடும். இது குமட்டலையும் வயிற்று மந்தத்தையும் உண்டாக்கக்கூடும்.

ஆற்றல் கட்டி என்ற பெயரில் விற்கப்படும் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. பாதாம், முந்திரி, கடலை மிகுந்த கட்டிகளில் கொழுப்பு கேக்கைவிட அதிகமாகவும் இருக்கலாம். புரதக் கட்டிகள் ஓட்டத்தின்போது உண்பதற்கு ஏற்றவையல்ல. எனவே மேலுறையில் அச்சிடப்பட்டுள்ள ஊட்டச்சத்து அளவுகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது நன்று.

ஆய்வுகள்

2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14 மிதிவண்டி வீரர்கள் 75 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒருமுறை வாழைப்பழமும் மறுமுறை விளையாட்டுப் பானமும் உட்கொண்டனர். இரண்டிலும் அவர்களது செயல்திறன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2015 இல் மொன்டானா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 90 நிமிடப் பயிற்சிக்குப்பின் சிலவேளை துரித உணவும் சிலவேளை விளையாட்டு உணவுகளும் 11 வீரர்களுக்கு வழங்கப்பட்டன. கிளைக்கோசன் மீட்சியிலும், அதன்பின் நடந்த 20 கிலோமீட்டர் ஓட்டத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு ஆய்வுகளும் சிறு எண்ணிக்கையினரிடம் நடத்தப்பட்டவை என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

சென்னையின் மேற்குப் புறநகரில்

மிதிவண்டிக்கும் நெடுநடைக்கும் சென்னையின் மேற்குப் புறநகரில் நீண்ட தொடர்பு உண்டு. 1949 இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்சு நிறுவனத்தின் தொழிற்சாலை அம்பத்தூரில் அமைந்தது. அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் நெடுஞ்சாலையும், பூந்தமல்லி வழியாகப் பெங்களூர் நெடுஞ்சாலையும் செல்கின்றன. புரட்டாசி மாதத்தில் திருமலைக்குக் கொண்டு செல்லப்படும் திருக்குடை ஊர்வலம் அம்பத்தூர், திருநின்றவூர் வழியே செல்கிறது.

இத்தகைய நெடுநடையில் உழைப்பின் கடுமை குறைவு என்பதால் கடலை மிட்டாய் போன்ற கொழுப்புள்ள உணவும் ஏற்கும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்க வேண்டிய பிரவே எனப்படும் மிதிவண்டி ஓட்டங்களில், வேகமாகச் செல்லும் பகுதிகளில் வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகியனவும், இறங்கி ஓய்வெடுக்கும் இடங்களில் இட்லி, கேக் ஆகியனவும் பொருந்தும். இவை சாலையோரத் தேநீர்க் கடைகளிலும் உணவகங்களிலும் குறைந்த விலையில் கிடைப்பதால், விலை மிகுந்த கட்டிகளை வாங்க இயலாத மாணவர்களும் நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஈடுபடலாம்.

எச்சரிக்கைகள்

வெப்பமான காலத்தில் குடலுக்குச் செல்லும் குருதி குறைவதால் செரிமானம் மந்தமாகிறது. எனவே சிறிது சிறிதாக, 20 அல்லது 30 நிமிடத்திற்கு ஒருமுறை உண்பது நல்லது. வியர்வையில் உப்பும் வெளியேறுவதால், பல மணி நேரம் வெறும் நீரை மட்டும் அளவுக்கு மீறிப் பருகினால் குருதியில் சோடியத்தின் அளவு ஆபத்தான நிலைக்குக் குறையலாம். கிரீம் கேக் வெயிலில் விரைவில் கெட்டுவிடும். புதிய உணவு எதையும் போட்டி நாளன்று முதன்முறையாக உண்ணாமல், பயிற்சியின்போதே உண்டு பார்க்க வேண்டும்.

பயிற்சியின்போது பயன்தரும் சர்க்கரை, உழைப்பில்லாத நேரத்தில் அதே அளவில் உண்ணப்பட்டால் உடல்பருமனுக்கும் பற்சிதைவுக்கும் வழிவகுக்கும். நீரிழிவு உள்ளோர் மருத்துவரின் ஆலோசனைப்படியே பயிற்சி உணவை அமைத்துக்கொள்ள வேண்டும்.