பழவேற்காட்டுப் பாடும் பட்டதாரி ஆராய்ச்சியும்

பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களுக்கு ஆராய்ச்சி மாணவர்கள் குறிப்பேடும் கையுமாக வருவது புதிதன்று. இவர்களுக்கு விடையளிப்பதால் ஊருக்கு என்ன லாபம் என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே.

பன்னாட்டு வளர்ச்சி போன்ற துறைகளில் உயர் பட்டம் பெற விரும்புவோர், எளிய மக்கள் வாழும் ஓரிடத்தில் தங்கி, அவர்தம் தொழிலை நேரில் கண்டு, ஆராய்ச்சி நூலொன்றைப் பல்கலைக் கழகத்திற்கு அளிப்பது வழக்கம். இங்கிலாந்தில் சாரா கூல்தார்ட் என்பார் டாக்டர் பட்டத்திற்கு அளித்த நூல் நமது ஏரியைப் பற்றியதாகும். அதற்கு முன்னரே, 1991-இல், செபாஸ்டியன் மாத்யூ இவ்வேரியின் மீன்பிடி உரிமைகளைக் குறித்து எழுதிய ஆய்வை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் வெளியிட்டது.

இருவர் கருத்தையும் ஈர்த்தது ‘பாடு’ என்னும் ஏற்பாடு. வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக் கொள்வதே பாடு. குடியானவர்களுக்கு விளங்கச் சொன்னால், ஏரிப் பாசனத்தில் முறைப்படி நீர் பாய்ச்சுவதைப் போன்றது. இறால் மிகுந்துபடும் இடம் எவர் ஒருவருக்கும் நிலையாக உரித்தாவதில்லை. முறை சுழன்று வரும். இது சர்க்கார் இயற்றிய சட்டமன்று. மீனவர் தாமே வகுத்தது. கைகலப்பின்றித் தொழில் நடக்க இது பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் முறைக்குள் இருப்போருக்கே இந்த நியாயம். பாட்டு உரிமை பட்டினவர் சமூகத்தைச் சார்ந்தது. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். மீன்வளம் குன்றும்போது யார் எவ்வாறு ஈடுகொடுக்கிறார்கள் என்பதில் பாட்டு உரிமைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைக் கூல்தார்ட் 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியுள்ளார்.

இது ஏட்டுச் செய்தி மட்டுமன்று. வலைக்கோ படகுக்கோ உதவி வரும்போது பயனாளிகள் பட்டியலைப் பாட்டில் உள்ளோர் பெயர்களோடு முடித்துவிட்டால், அதே ஏரியை நம்பிய வேறு குடும்பங்கள் விடுபட்டுப் போகும். முகத்துவாரம் மணலால் அடைபட்டு ஏரி வளம் குன்றும்போது இழப்பு இரு சாராருக்கும் உண்டல்லவா?

எனவே ஆராய்ச்சியாளர் வந்தால், பல்கலைக் கழகத்தின் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்காரர் வீட்டோடு நின்றுவிடாமல் இருளர் குடியிருப்புக்கும் அழைத்துச் செல்லுங்கள். விடையளிக்க விரும்பாதவரை எவரும் வற்புறுத்தலாகாது. ஆய்வின் முடிவை நாலு பக்கத் தமிழில் எழுதிக் கிராம சபைக்கு அனுப்புமாறு முதல் நாளே கேட்டுக் கொள்ளுங்கள். அவர்கள் கப்பலோ விமானமோ ஏறிய பின்னர் கடிதம் எழுதிக் கேட்பது கடினம்.